கேள்வி பதில்: தீக்குப் பயந்து கட்டிய செங்கல் ஆலை

சென்ற இதழில் பழைய ஆலைகள் பற்றி எழுதியபோது, இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி நகரத்தில் 1797இல் எழுந்த ஆளிநார் ஆலைதான் உள்சட்டகம் முழுவதும் இரும்பாலான உலகின் முதல் கட்டடம் என்று ஒரு வரி, படத்தோடு வந்திருந்தது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துள்ளன. வந்தவற்றில் ஒரே கேள்வியைக் கேட்டவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

பருத்தி ஆலை தெரியும், சணல் ஆலை தெரியும். அதென்ன ஆளிநார் ஆலை? யார் கட்டினார்கள்?
— வாசகர், ராஜபாளையம்

ஆளி விதையை நாம் மளிகைக் கடையில் பார்க்கிறோம். அதே செடியின் தண்டை ஊறவைத்து, நசுக்கி, சீப்பால் வாரினால் கிடைக்கும் நாரில் நூற்றதுதான் லினன் நூல். வாரும்போது பறக்கும் தூசும் துகளும் பஞ்சைப் போலவே சட்டென்று பற்றிக்கொள்ளும். வெளிச்சத்துக்கு எண்ணெய் விளக்கு, மெழுகுவர்த்தி. தரை மரப்பலகை, அதில் பல வருட எண்ணெய் ஊறியிருக்கும். தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

லீட்ஸ் நகரத்து ஜான் மார்ஷலும், ஷ்ரூஸ்பரிக் கம்பளி வணிகர்களான தாமஸ், பெஞ்சமின் பென்யன் சகோதரர்களும் கூட்டாக ஆளிநார் நூற்றார்கள். 1796 பிப்ரவரியில் லீட்ஸில் அவர்களுடைய ஆலை ஒன்று எரிந்துபோனது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1791இல், லண்டனின் பெருமையாக இருந்த ஆல்பியன் மாவு ஆலை எரிந்து சாம்பலானதை நாடே பார்த்திருந்தது. அடுத்த ஆலை எரியாத ஆலையாக இருக்க வேண்டும் என்பதில் மூவரும் உறுதியாக இருந்தார்கள்.

கூட்டில் நாலாவதாகச் சேர்ந்தவர் சார்ல்ஸ் பேஜ். தொழில் ஒயின் வியாபாரம், கூடவே நில அளவை. கட்டடக் கலைஞர் என்று பட்டம் ஏதும் இல்லை. ஆனால் இரும்பு எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த முதல் சிலரில் ஒருவர். டெர்பியில் வில்லியம் ஸ்ட்ரட் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இரும்புத் தூணும் செங்கல் வளைவுத் தளமும் வைத்து ஆலை கட்டியிருந்தார். ஆனால் உத்தரங்கள் மரம், தீ படாமலிருக்க மேலே காரைப் பூச்சு. பேஜ் அவருடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தார். மரத்துக்குப் பூச்சுப் பூசுவதைவிட மரத்தையே எடுத்துவிட்டால் என்ன என்பதுதான் பேஜின் யோசனை.

இடமும் தோதாக அமைந்தது. நகரின் வடக்கே டிதரிங்டன் பகுதியில், புதிதாக வெட்டிக்கொண்டிருந்த கால்வாயை ஒட்டி நிலம். நீராவி இயந்திரத்துக்கு நிலக்கரி படகில் வந்துவிடும். இரும்பை வார்க்க ஊருக்குள்ளேயே வில்லியம் ஹேசல்டைனின் வார்ப்படசாலை இருந்தது. 1779இல் உலகின் முதல் பெரிய இரும்புப் பாலம் எழுந்த கோல்புரூக்டேல் பள்ளத்தாக்கும் இதே மாவட்டம்தான். இரும்பை நம்பத் துணிந்தவர்கள் வாழ்ந்த வட்டாரம் அது.

தளத்துக்குக் கம்பியும் இல்லை, கான்கிரீட்டும் இல்லை. ஐந்து மாடி எப்படி நிற்கிறது? கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.
— பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்

கட்டடம் சுமார் 177 அடி நீளம், 40 அடிக்குக் கொஞ்சம் குறைவான அகலம். வெளிச்சுவர் நாலும் கனமான செங்கல். உள்ளே நீளவாக்கில் மூன்று வரிசை வார்ப்பிரும்புத் தூண்கள். அகலம் இப்படி நான்காகப் பிரிவதால் ஒவ்வொரு இடைவெளியும் ஏறக்குறைய 9 அடிதான். தூண்களின் தலைமேல் சுவருக்குச் சுவர் குறுக்காக வார்ப்பிரும்பு உத்தரம். 40 அடியை ஒரே வார்ப்பாக எடுக்க முடியாது. துண்டுகளாக வார்த்து, மரையாணி போட்டு இணைத்தார்கள்.

உத்தரத்தின் குறுக்குவெட்டைப் பாருங்கள். தலைகீழான ‘டி’ எழுத்துப் போல, அடிப்பாகம் இரண்டு பக்கமும் விரிந்திருக்கும். அந்த விரிவில்தான் செங்கல் வளைவு கால் ஊன்றுகிறது. ஒரு உத்தரத்திலிருந்து அடுத்த உத்தரத்துக்குச் சுமார் 10 அடி. இடையில் மேடு குறைந்த தட்டையான செங்கல் வளைவு, நம் ஊரில் ஜாக் ஆர்ச் என்பது இதுதான். வளைவின் முதுகை நிரப்பி மட்டமாக்கி, மேலே தளம் பாவிவிட்டால் மாடி தயார்.

கணக்காகச் சொன்னால் விளங்கும். ஒரு தூணுக்குப் பங்கு வரும் தளம் ஏறக்குறைய 90 சதுர அடி, அதாவது 8.4 சதுர மீட்டர். வளைவும் நிரப்பும் சேர்த்துச் சராசரி 30 செ.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால் 2.5 கன மீட்டர். கன மீட்டருக்கு 1.8 டன் வீதம் நாலரை டன். நாலு மாடித் தளத்தின் சுமையும் கீழ்த்தளத் தூணில் இறங்கும்போது, இயந்திரம் வைக்கும் முன்பே 18 டன் வந்துவிடுகிறது. கூரை தனி. இது நம் தோராயக் கணக்கு, அளவு புரிவதற்காக மட்டும்.

தூண்கள் உருண்டையானவை அல்ல. வெட்டிப் பார்த்தால் கூட்டல் குறி. நடு உயரத்தில் பருத்து, மேலும் கீழும் சிறுத்திருக்கும். அழகுக்காகச் செய்ததாகத் தோன்றும், ஆனால் காரணம் வேறு. ஒல்லியான தூண் பாரம் தாங்காமல் போனால் நசுங்குவதில்லை, நடுவில் வளைந்துதான் போகும். வளையும் இடத்தில் உலோகத்தைக் கூட்டியிருக்கிறார் பேஜ்.

மாணவர் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று. வளைவு தன் எடையைக் கீழே மட்டும் தள்ளாது, பக்கவாட்டிலும் தள்ளும். நடுவில் இருக்கும் வளைவுகளை அண்டை வளைவுகள் எதிர்த்துத் தள்ளுவதால் கணக்கு நேராகிவிடும். கடைசி வளைவுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. முட்டுக் கொடுப்பது கடைச்சுவர்தான். அதனால்தான் உத்தரங்களைத் தேனிரும்புக் கம்பிகளால் (வார்க்காமல் அடித்து நீட்டிய, இழுவை தாங்கும் இரும்பு) ஒன்றோடொன்று இழுத்துக் கட்டினார்கள். கட்டும் காலத்தில், ஒரு பக்கத்து வளைவு முடிந்து மறுபக்கம் தொடங்காத நாட்களில், அந்தக் கம்பிதான் உயிர்.

ஜன்னல் சட்டங்கள்கூட வார்ப்பிரும்புதான். கூரையிலும் மரம் சேர்க்கவில்லை.

படத்தில் செங்கல் வழக்கத்தைவிடத் தடிமனாகத் தெரிகிறதே?
— வாசகர், செங்கல்பட்டு

கண்ணுக்குப் பட்டது சரிதான். அமெரிக்க விடுதலைப் போரில் பட்ட கடனை அடைக்க 1784இல் பிரிட்டன் செங்கலுக்கு வரி போட்டது. ஆயிரம் கல்லுக்கு இரண்டரை ஷில்லிங், 1794இல் அது நாலு ஷில்லிங் ஆனது. வரி எடைக்கு இல்லை, எண்ணிக்கைக்கு. அப்புறம் என்ன, கல்லைப் பெரிதாக அறுத்துவிட்டார்கள்! அதே சுவருக்குக் கல்லும் குறைவு, வரியும் குறைவு. 1803இல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி போட்டு அரசாங்கம் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு வழியை அடைத்தது. வரியே 1850இல் போய்விட்டது. ஆக, இந்தத் தடித்த கல் ஒரு இருபது வருடத்து அடையாளம். பழைய ஆங்கிலக் கட்டடத்தின் வயதை மதிப்பிடுகிறவர்கள் முதலில் டேப்பை எடுத்துக் கல்லின் உயரத்தை அளப்பது இதனால்தான்.

வானுயரக் கட்டடங்களின் பாட்டன் என்று இதைச் சொல்கிறார்களாமே. மிகையில்லையா?
— வாசகர், புதுச்சேரி

பாதி மிகை. சிகாகோவில் 1880களில் தொடங்கிய உயரக் கட்டடங்களில் சட்டகம்தான் எல்லாப் பாரத்தையும் சுமக்கும், சுவர் வெறும் போர்வையாக மாறிக்கொண்டே போகும். ஷ்ரூஸ்பரியில் அப்படி இல்லை. உத்தரங்களின் இரு முனைகளும் செங்கல் சுவரில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சுவரை எடுத்துவிட்டால் ஆலை நிற்காது. ஆனால் தூணும் உத்தரமும் இரும்பாகி, மாடிமேல் மாடியாக ஒரே கட்டம் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டது இங்கேதான் முதலில். அந்த அளவுக்குப் பாட்டன் உறவு உண்மை.

இரும்பு எரியாது, சரி. அப்படியானால் ஆபத்தே இல்லையா?
— வாசகர், சிவகாசி

சிவகாசியிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் வியப்பில்லை. ‘எரியாது’ என்பதும் ‘தீயில் நிற்கும்’ என்பதும் ஒன்றல்ல. வார்ப்பிரும்பு 500, 600 டிகிரி செல்சியஸில் பலத்தை வேகமாக இழக்கும். அந்தச் சூட்டில் தண்ணீரைப் பீய்ச்சினால் கண்ணாடி டம்ளர் மாதிரி விரிசல் விடும். பேஜின் முறையால் கிடைத்த லாபம், கட்டடமே விறகாக இருந்த நிலை மாறியது. உள்ளே அடுக்கியிருக்கும் சரக்கு எரிவதை அது தடுக்காது. இதே வளாகத்தில் பின்னால் கட்டிய குறுக்கு ஆலை 1811இல் தீக்கிரையாகி, மறு ஆண்டு இரும்புச் சட்டகத்தோடு மீண்டும் எழுந்தது.

பெரிய ஆபத்து உத்தரத்தில் இருந்தது. வார்ப்பிரும்பை நசுக்குவது கடினம், இழுத்து உடைப்பது எளிது. உத்தரத்தில் பாரம் ஏறினால் மேல்விளிம்பு நசுங்கும், கீழ்விளிம்பு இழுபடும். வார்க்கும்போது உள்ளே ஒரு காற்றுக் குமிழி மாட்டியிருந்தால் போதும், தொய்ந்து எச்சரிக்காமல் பட்டென்று முறியும். 1844 அக்டோபரில் ஓல்டம் நகரத்தில் நடந்தது அதுதான். உத்தரம் ஒன்று முறிந்தது. அதன்மேல் கால் ஊன்றியிருந்த வளைவு சரிந்தது. அண்டை வளைவுக்கு எதிர்த்தள்ளல் போய் அதுவும் சரிந்தது. ஆலை இடிந்து 20 பேர் இறந்தார்கள். கீழ்விளிம்பு மேல்விளிம்பைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும் என்று ஈட்டன் ஹாட்ஜ்கின்சன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் சோதனை செய்து காட்டியது 1830 வாக்கில். பேஜ் உத்தரம் வார்த்தது அதற்கு முப்பது வருடத்துக்கும் மேல் முன்பு. குறுகிய இடைவெளியை விட்டு அவர் பேராசைப்படாததால்தான் ஆலை இன்றும் நிற்கிறது என்பது எங்கள் கருத்து.

அங்கே வேலை செய்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?
— வாசகர், விருதுநகர்

நியாயமான குறை. வேலைக்காரர்களில் பெரும்பங்கு பெண்களும் பிள்ளைகளும். அநாதை இல்லங்கள் போன்ற இடங்களிலிருந்து ஒப்பந்தத்தில் கொண்டுவந்த பிள்ளைகளைத் தங்கவைக்க 1812 வாக்கில் வளாகத்திலேயே தனி வீடு கட்டினார்கள், அதுவும் செங்கல் கட்டடம், இன்றும் இருக்கிறது. 1832இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுமுன் இந்த ஆலையைப் பற்றி ஒரு சாட்சியம் பதிவானது. ஏழு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தவர் சொன்னது: தூங்கி விழும் பிள்ளையின் தோளைத் தட்டிக் கூப்பிட்டு, அறையின் மூலையிலிருந்த இரும்புத் தொட்டிக்குக் கொண்டுபோய், காலைப் பிடித்துத் தலைகீழாகத் தண்ணீரில் முக்கி எடுத்து, மறுபடி வேலைக்கு அனுப்புவார்களாம். தீக்கு அஞ்சிச் செலவழித்த மனசு பிள்ளைகள் பக்கம் திரும்பவில்லை.

ஆலை என்கிறீர்கள். ஆனால் படத்தில் பாதி ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறதே?
— வாசகர், தேனி

அது இரண்டாவது வாழ்க்கையின் தழும்பு. ஆளிநார் வியாபாரம் நொடித்து 1886இல் ஆலை மூடியது. 1897இல் வில்லியம் ஜோன்ஸ் நிறுவனம் வாங்கி மால்ட் தயாரிக்கும் இடமாக மாற்றியது. மால்ட் என்பது வேறொன்றுமில்லை, வீட்டில் கேழ்வரகை முளைகட்டி வறுக்கிறோமே, அதே வேலையைப் பார்லியில் செய்வது. பார்லியை ஊறவைத்து, தளம் முழுக்கப் பரப்பி, நாள்கணக்கில் கிளறிவிட்டு, முளை வந்ததும் சூளையில் உலர்த்துவார்கள். நூற்பதற்கு வெளிச்சம் வேண்டும். முளைகட்ட மங்கலும் ஒரே சீரான குளிர்ச்சியும் வேண்டும். அதனால் ஜன்னல்களில் பெரும்பாலானவற்றை அடைத்து, சிலவற்றைச் சிறிதாக்கினார்கள். ஒரு முனையில் சூளைக்கூடம் சேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்கள் தங்கினார்கள். பிறகு மறுபடியும் மால்ட். 1987இல் அதுவும் நின்று, கட்டடம் காலியாகிப் புறாக்களுக்குப் போனது. 2005இல் அரசின் பாரம்பரிய அமைப்பு வாங்கியது. பழுதுபார்ப்பு முடிந்து 2022இல்தான் திறந்தார்கள்.

பழுதுபார்க்க ஏன் அத்தனை வருடம்? இரும்பு துருப்பிடித்ததா?
— ஓய்வுபெற்ற பொதுப்பணித் துறைப் பொறியாளர், திருச்சி

இரும்பு அவ்வளவாகப் படுத்தவில்லை ஐயா. படுத்தியது மரம்!

மரமில்லாத ஆலை என்றோம். சுவருக்குள் இருந்தது. அக்காலக் கொத்தனார்கள் கனத்த சுவர் கட்டும்போது செங்கல் வரிசைகளுக்கு நடுவே நீளமான மரக்கட்டைகளைப் படுக்கவைத்துக் கட்டுவார்கள். சுண்ணாம்புச் சாந்து மெதுவாக இறுகும், அதுவரை சுவர் ஒருபக்கம் அமுங்காமல் பாரத்தைப் பரப்ப அந்தக் கட்டை உதவும். சாந்து இறுகிய பிறகு அதற்கு வேலை இல்லை. ஆனால் உள்ளேயே இருக்கும். வடிகால் அடைத்து, கூரை ஒழுகி, சுவர் ஈரமானதும் மக்கிப்போகும். மக்கிய இடத்தில் சுவருக்குள் ஒரு வெற்றுக்குழாய் உண்டாகி, மேலிருக்கும் பாரம் எஞ்சிய கல்லில் குவியும். ஜன்னல்களுக்கு நடுவே இருக்கும் ஒடுங்கிய சுவர்த்துண்டுகளில்தான் இது மோசம். மால்ட் காலத்து அடைப்பு தற்செயலாக அந்தச் சுவர்களுக்குத் தோள் கொடுத்திருந்தது. ஜன்னலைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் சுவரைச் சரிசெய்ய வேண்டும்.

இப்படிப்பட்ட கட்டையை எடுக்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். முழு நீளத்தையும் ஒரே நாளில் உருவக் கூடாது. ஒரு மீட்டருக்கு மிகாத துண்டுகளாகக் குறித்து, 1, 3, 5 என்று ஒன்றுவிட்டு ஒன்றாக முதலில் எடுக்க வேண்டும். மக்கிய மரத்தைச் சுரண்டி, குழியைக் கழுவி ஈரமாக்கி, அதே அளவுச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்து, கடைசி மேல்மூட்டில் பலகைக்கல் சில்லு அடித்து இறுக்க வேண்டும். மேல்மூட்டு இறுகாவிட்டால் புதுக்கல் பாரம் வாங்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும், பெரும்பாலான வேலை கெடுவது இங்கேதான். அந்தத் துண்டுகள் பாரம் தாங்கத் தொடங்கிய பிறகே 2, 4, 6.

எங்கள் சங்கக் கட்டடம் 1920களில் கட்டியது. நாலடிக்கு ஒரு இரும்பு கர்டர், நடுவில் செங்கல் வளைவு. கர்டரில் துரு உதிர்கிறது. கீழே சிமென்ட் பூசி மறைத்துவிடலாம் என்கிறார் மேஸ்திரி.
— சங்கச் செயலாளர், காரைக்குடி

பூச வேண்டாம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். பூச்சு சில மழையில் பாளமாக விழும், விழும்வரை உள்ளே நடப்பது தெரியாது.

முதலில் மொட்டைமாடிக்குப் போங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் கீழே எதையும் தொடுவது வீண். மழைநீர்க் குழாய் வாயில் சருகு, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று, தட்டோட்டு மூட்டில் விரிசல், இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும். அரசங்கன்றை வெட்டினால் மட்டும் போதாது, வேரை எடுக்காவிட்டால் மறு மழைக்குத் துளிர்க்கும். வளைவின் நடுவில் ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி வைத்திருந்தால் இறக்குங்கள். அது ஒரு டன்.

அடுத்து கர்டர். 1920கள் என்பதால் உருட்டு எஃகாகவே இருக்கும். துருவைச் சுரண்டினால் ‘டாடா’ அல்லது ‘டோர்மன் லாங்’ (ஆங்கிலேய எஃகு நிறுவனம்) என்று புடைப்பெழுத்து தெரியலாம். சந்தேகமிருந்தால் ஓரத்தில் சிறு துளை போட்டுப் பாருங்கள். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் எஃகு அல்லது தேனிரும்பு, கரும்பொடியாக உதிர்ந்தால் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பாக இருந்தால் சாதாரண வெல்டிங் அருகிலேயே வரக் கூடாது, சூடேறிய இடத்தை ஒட்டி விரிசல் ஓடும்.

கீழ்விளிம்பின் கனத்தை வெர்னியர் காலிப்பரால் மூன்று இடத்தில் அளந்து எழுதுங்கள்: சுவரில் நுழையும் இடம், நடு, துரு படாத ஒரு இடம். சுவர்முனையில்தான் அதிகம் தின்றிருக்கும், ஈரம் அங்கேதான். நல்ல இடத்தோடு ஒப்பிட்டு ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தால் மேஸ்திரியை நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள். குறைவாக இருந்தால், கம்பித்தூரிகையால் உலோகம் தெரியத் தேய்த்து, அன்றைக்கே துத்தநாக பாஸ்பேட் பிரைமர், பிறகு இன்னொரு கை, மேலே எனாமல்.

செங்கல் மூட்டுகளில் காரை உதிர்ந்திருந்தால் கைஉளியால் 25 மி.மீ. ஆழம் எடுங்கள், கிரைண்டர் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். மூன்று வாரமாவது தண்ணீரில் ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு. மூட்டை நனைத்து, இரண்டு மூன்று தடவையாகத் திணித்து, ஒரு வாரம் ஈரச்சாக்கு. இங்கே சிமென்ட் போட்டால் சாந்து கல்லைவிடக் கடினமாகிவிடும். ஈரம் மூட்டு வழியாக வெளியேற முடியாமல் கல் வழியாக வரும், உப்புப் பூத்து, கல்லின் முகம் தோலாக உரியும்.

ஒரு வளைவில் கல்லை எடுக்க நேர்ந்தால் அதற்கு மட்டுமல்ல, இரண்டு பக்கத்து வளைவுகளுக்கும் முட்டுக் கொடுத்த பிறகே எடுங்கள். ஓல்டம் கதை அதற்குத்தான். ஃபால்ஸ் சீலிங் போட வருபவர், கர்டருக்குக் கர்டர் ஓடும் கம்பி வழியில் நிற்கிறதென்று அறுக்கக் கேட்பார். அனுமதிக்காதீர்கள்.

பார்க்கப் போகலாமா?
— பர்மிங்ஹாமில் படிக்கும் வாசகர்

உங்களுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஷ்ரூஸ்பரி நிலையத்திலிருந்து வடக்கே சுமார் ஒரு மைல் நடை. எல்லா நாளும் திறந்திருக்காது, பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். தூரத்திலேயே கோபுரத்தின் உச்சியில் ஒரு மணிமுடி தெரியும், 1897இல் விக்டோரியா ராணியின் வைர விழாவுக்காக மால்ட்காரர்கள் வைத்தது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். கீழ்த்தளத்தில் ஒரு தூணைக் கையால் தடவிப் பாருங்கள், நடுவில் பருக்கத் தொடங்கும் இடம் விரலுக்குத் தெரியும்.